பழைய படகு எஞ்சினில் டேப்பட் சத்தம்: வால்வ் இடைவெளியை நாமே சரிசெய்யலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய, நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் உள்ளே பொருத்திய ஒரு படகை வாங்கியிருக்கிறீர்கள். எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஐடிலில் மேல்பக்கத்திலிருந்து விடாமல் டிக் டிக் என்று ஒரு சத்தம். கையேடு உங்களிடம் இல்லை. ஓடுகிற எஞ்சினை நோண்டாதீர்கள் என்று ஒருவர் சொல்கிறார். டேப்பட்டை, அதாவது வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் திருகை, கொஞ்சம் இறுக்கினால் சத்தம் போய்விடும், பத்து நிமிட வேலை என்று இன்னொருவர் சொல்கிறார். எத்தனை மில்லிமீட்டர் வைக்க வேண்டும், எஞ்சின் சூடாக இருக்கும்போதா ஆறிய பிறகா என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் கேட்டது ஒரு எண்ணை. ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், இந்தச் சத்தம் ஆபத்தா, நான் கைவைத்தால் எஞ்சின் கெட்டுவிடுமா என்பதுதான் மனதை அரிக்கிறது என்று தோன்றுகிறது. இருபது வருடத்துக்கு மேல் படகு எஞ்சின்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொறுமையும் ஒரு நல்ல ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) இருந்தால் இந்த வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவருமே ஒன்றை விட்டுவிட்டார்கள். டேப்பட் வேலையில் திருகுவது சின்னப் பகுதி. திருகுவதற்கு முன்னால் இடைவெளி எவ்வளவு இருந்தது என்று அளந்து எழுதி, அதிலிருந்து எஞ்சினின் நிலையைப் படித்தெடுப்பதுதான் பெரிய பகுதி. உங்கள் எஞ்சினை நான் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்கவும் இல்லை; மாடலும் நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் எது எல்லா எஞ்சினுக்கும் உறுதியாகப் பொருந்தும், எதை நீங்கள்தான் அங்கே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் இந்த இடைவெளி எதற்கு என்று பார்ப்போம். கேம் ஷாஃப்ட் புஷ் ராடைத் தள்ளுகிறது, புஷ் ராட் ராக்கரைத் தள்ளுகிறது, ராக்கர் வால்வ் தண்டின் நுனியை அமுக்கித் திறக்கிறது. வால்வ் மூடியிருக்கும்போது ராக்கர் முனைக்கும் வால்வ் தண்டின் நுனிக்கும் நடுவே ஒரு முடி அளவு வெற்றிடம் இருந்தாக வேண்டும். 100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டு 300 டிகிரி சூடேறினால் சுமார் 0.35 மி.மீ. நீளும். கூடவே ஹெட்டும் (வால்வுகள் பொருந்தியிருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) நீளுவதால் முழு 0.35-ம் இடைவெளியைத் தின்றுவிடாது, ஆனாலும் ஒரு பகுதி போகும். வெற்றிடமே இல்லாவிட்டால் நீண்ட தண்டு ராக்கரில் முட்டி நின்றுவிடும், வால்வ் தன் சீட்டில், அதாவது மூடும்போது படியும் வளையத்தில், முழுதாக உட்காராது.

உட்காராத வால்வுக்கு என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வின் முகம் நெருப்பிலேயே வாழ்கிறது. அது வாங்கிக்கொள்ளும் சூட்டில் சுமார் முக்கால் பங்கு, வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்கி, அங்கிருந்து குளிர்நீருக்குப் போகிறது. சீட்டில் சரியாகப் படியாவிட்டால் அந்த வழி அடைபடும். அதோடு, இடுக்கு வழியே எரிகிற வாயு ஊசி போலப் பீறிட்டு வால்வின் விளிம்பையே அரிக்கத் தொடங்கும். அரித்த இடம் மேலும் கசியும், கசிந்த இடம் மேலும் எரியும். ஒரு தடவை தொடங்கினால் தானாக நிற்காது.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், குறைந்தால் சத்தமே வராது. எஞ்சினை எரித்துத் தின்பது பெரும்பாலும் சத்தமில்லாத வால்வ்தான். அதிக இடைவெளியும் நல்லதில்லை. கேம் முனையின் தொடக்கத்திலும் முடிவிலும் வால்வை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குவதற்கென்றே ஒரு சாய்வு கடைந்திருப்பார்கள். இடைவெளி கூடினால் அந்தச் சாய்வு வீணாகி, வால்வ் சீட்டில் பொத்தென்று விழும், ராக்கர் முனை சம்மட்டி போல் அடிக்கும், வால்வ் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், இழுவை குறையும். ஆனால் இதெல்லாம் நூற்றுக்கணக்கான மணி நேரத்தில் மெல்ல நடப்பது, சத்தம் போட்டு எச்சரித்துவிட்டு நடப்பது. ‘கொஞ்சம் இறுக்கினால் சத்தம் போய்விடும்’ என்ற ஆலோசனையை நான் இவ்வளவு எதிர்ப்பது இதனால்தான். சத்தம் போய்விடும், அது உண்மை. இடைவெளி சரியாகி அடங்கியதா, இல்லாமலே போய் அடங்கியதா என்பது காதுக்குத் தெரியாது.

அந்த டிக் டிக் டேப்பட்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கேம் ஷாஃப்ட் எஞ்சின் வேகத்தில் பாதிதான் சுற்றும். 800 சுற்றில் ஐடில் ஓடினால் ஒரு வால்வ் நிமிடத்துக்கு 400 தடவை, அதாவது நொடிக்கு ஆறேழு தடவை அடிக்கும். பேரிங் அடிப்பது இதைவிடக் கனமான சத்தம், பெரும்பாலும் கீழே இருந்து வரும். குழப்பம் தருவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். அதுவும் இதே தாளத்தில்தான் தட்டும். ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் குழாய் நட்டையும் ஒரு துணியைச் சுற்றி, கண்ணாடி அணிந்துகொண்டு, சற்றே தளர்த்திப் பாருங்கள். டீசல் பீறிடும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்துக்குத் தோலைத் துளைத்து உள்ளே போகும் பலம் உண்டு. ஒரு சிலிண்டரைத் தளர்த்தியதும் அந்தத் தட்டல் மறைந்தால் அது எரிபொருள் பக்கத்துச் சங்கதி. எஞ்சின் தடுமாறியும் டிக் டிக் மாறாமல் இருந்தால், ராக்கர் கவரைத் திறக்கலாம்.

இனி எண்ணுக்கு வருகிறேன். எல்லா எஞ்சினுக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. பெர்கின்ஸ் 4.108 எஞ்சினுக்கு ஆறிய நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ.; சூடாக இருந்தால் 0.010 அங்குலம். யான்மார் ஜிஎம் வரிசைக்கு ஆறிய நிலையில் 0.20 மி.மீ. இரண்டுமே படகுகளில் எங்கும் காணப்படும் பழைய டீசல்கள், ஆனால் ஒன்றின் எண்ணை மற்றதில் வைத்தால் தப்பு. இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு வேறொன்று என்று கேட்கும் எஞ்சின்களும் உண்டு. அப்படி இருந்தால் பெரிய எண் வழக்கமாக எக்ஸாஸ்ட்டுக்கு. பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணையும் பெயர்த் தகட்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். பல படகு எஞ்சின்கள் டிராக்டர், வேன், ஜெனரேட்டர் எஞ்சின்களைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியவை. அடிப்படை எஞ்சின் எது என்று தெரிந்துவிட்டால் அதன் கையேடே போதும். எண் உறுதியாகத் தெரியாத வரை அளந்து எழுதுங்கள், திருகாதீர்கள்.

அலகில் கவனம் தேவை. ஃபீலர் கேஜில் ஒரே தகட்டில் மி.மீ.-யும் அங்குலமும் அடித்திருக்கும். 0.20 மி.மீ. வேண்டிய இடத்தில் 0.020 அங்குலத் தகட்டைச் செருகினால் அது 0.50 மி.மீ.; இரண்டரை மடங்கு. பன்னிரண்டு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று யாராவது சொன்னால் அது 0.012 அங்குலம், 0.30 மி.மீ.

சூடா ஆறியதா என்பதற்குக் கையேடு சொல்வதே சட்டம். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஆறிய நிலையில் அளப்பதை விரும்புவேன். காரணம் எளிது. முழுதாக ஆறிய எஞ்சின் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும். சூடான எஞ்சின் முதல் வால்வுக்கும் எட்டாவது வால்வுக்கும் நடுவிலேயே ஆறிக்கொண்டிருக்கும். ஆறியது என்றால் ஒரு இரவு முழுதும் ஓடாமல் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டைக் கழற்றி மாட்டிய எஞ்சினாக இருந்து, ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கக் கையேடு சொல்லியிருந்தால், அதை முதலில் முடித்துவிட்டுத்தான் டேப்பட்டுக்கு வர வேண்டும். ஹெட் இறங்கினால் இடைவெளியும் மாறிவிடும்.

படகு என்பதால் சில முன்வேலைகள். பேட்டரி ஸ்விட்சை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்; இல்லாவிட்டால் ஷாஃப்ட்டையும் புரொப்பெல்லரையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். கிராங்க் புல்லி நட்டில் நீண்ட பிடியுள்ள ஸ்பேனரைப் போட்டுச் சுற்றுங்கள், எஞ்சின் ஓடும் திசையிலேயே. எதிர்த்திசையில் சுற்றினால் கடல்நீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் இதழ்கள் மறுபக்கம் மடங்கும். பழைய இம்பெல்லருக்கு அதுவே போதும், ஒடிந்துவிடும். டீகம்ப்ரஷன் லீவர் (வால்வைத் திறந்து பிடித்து அழுத்தத்தை விடுவிக்கும் கைப்பிடி) இருந்தால் சுற்றும்போது தூக்கிவிட்டுக்கொள்ளலாம், ஆனால் அளக்கும்போது கீழே இறக்கியிருக்க வேண்டும். அது வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கும் நேரத்தில் எடுக்கும் அளவுக்கு அர்த்தமே இல்லை.

ராக்கர் கவரைத் திறக்கும் முன் அதன் மேலிருக்கும் தூசியையும் பெயிண்ட் சில்லுகளையும் துடைத்துவிடுங்கள். திறந்ததும் எண்ணெயைப் பாருங்கள். கவரின் உட்புறம் வெள்ளையாக மயோனைஸ் போலப் படிந்திருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது. குறைந்த நேரம் மட்டுமே ஓடும், முழுதாகச் சூடேறாத எஞ்சின்களில் அது சாதாரணமாகவே வரும். டிப் ஸ்டிக்கிலும் எண்ணெய் பால் போல இருந்தால் அது வேறு கதை: டேப்பட்டை விட்டுவிட்டு, எண்ணெயில் தண்ணீர் எங்கிருந்து கலக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

இனி ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டர் எண், இன்லெட், எக்ஸாஸ்ட். எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதிலேயே எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபாடு உண்டு. யான்மார் ஜிஎம் எஞ்சினில் ஃப்ளைவீல் பக்கம்தான் ஒன்று, பெர்கின்ஸில் அதற்கு எதிர்முனை. எது இன்லெட், எது எக்ஸாஸ்ட் என்பதை ஊகிக்காமல், மேனிஃபோல்டின் எந்த வாய் எந்த வால்வுக்கு நேரே வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அளக்க வேண்டிய வால்வ் முழுதாக மூடி, அதன் கேம் தட்டையான பக்கத்தில் இருக்க வேண்டும். நாலு சிலிண்டரில் வெடிக்கும் வரிசை வழக்கமாக 1-3-4-2. இதில் 1-ம் 4-ம் ஜோடி, 2-ம் 3-ம் ஜோடி. ஜோடியில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே மேலே வரும். நாலாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டே வர, இன்லெட் திறக்கத் தொடங்கும் நொடியில் இரண்டு ராக்கரும் ஊசலாடும். அப்போது ஒன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் அளக்கலாம். 2 ஊசலாடினால் 3, 1 ஊசலாடினால் 4, 3 ஊசலாடினால் 2. கூட்டினால் எப்போதும் ஐந்து. இந்த ஜோடி முறை மூன்று சிலிண்டருக்கு ஒத்துவராது, அங்கே ஜோடியே கிடையாது.

எத்தனை சிலிண்டர் இருந்தாலும் பொருந்தும் ஒரு முறை இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுவே. ஒரு சிலிண்டரை மட்டும் பார்த்துக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். அதன் எக்ஸாஸ்ட் ராக்கர் அசையத் தொடங்கியதும் நிறுத்தி, இன்லெட்டை அளந்துகொள்ளுங்கள். மேலும் சுற்றி, இன்லெட் முழுதாகத் திறந்து மறுபடி மூடப்போகும் சமயத்தில் நிறுத்தி, எக்ஸாஸ்ட்டை அளந்துகொள்ளுங்கள். டைமிங் குறி தேவையில்லை, வெடிக்கும் வரிசையும் தேவையில்லை. பழைய படகில் ஃப்ளைவீல் குறி துருவுக்கு அடியில் எங்கோ போயிருக்கும் என்பதால் இது பெரிய உதவி. கொஞ்சம் முன்பின் ஆனாலும் கவலை இல்லை, கேமின் தட்டையான பக்கம் அகலமானது.

அளப்பதில்தான் நிதானம் வேண்டும். ராக்கரின் புஷ் ராட் பக்கத்தைக் கட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டால் இடுக்கில் உள்ள எண்ணெய் பிதுங்கி, உண்மையான இடைவெளி முழுதும் வால்வ் பக்கத்துக்கு வரும். தகட்டை நேராக, வளைக்காமல் செருகுங்கள். சரியான தகடு உள்ளே போகும், இழுக்கும்போது லேசாகப் பிடிக்கும். கனமான இரண்டு புத்தகங்களுக்கு நடுவே இருக்கும் ஒற்றைத் தாளை உருவுவது போல. ஆனால் இந்தப் பிடிப்பு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் கையை நம்பாமல் இரண்டு தகடுகளை நம்புகிறேன். 0.30 வேண்டிய எஞ்சினில் 0.30 போக வேண்டும், 0.35 போகக் கூடாது. இரண்டும் போனால் தளர்வு, இரண்டும் போகாவிட்டால் இறுக்கம்.

இங்கே பழைய எஞ்சினுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ராக்கர் முனை பல்லாயிரம் மணி நேரம் வால்வ் நுனியில் மோதி, நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். தகடு அந்தக் குழியின் இரு கரைகளிலும் பாலம் போல உட்காரும். வால்வ் நுனியோ குழிக்குள் இறங்கும். தகடு 0.30 என்று சொல்லும், உள்ளே இருப்பது 0.40 ஆகக்கூட இருக்கலாம். ‘எத்தனை தடவை வைத்தாலும் ஒரு வால்வ் மட்டும் அடிக்கிறது’ என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ராக்கர் முனையைப் பாருங்கள், நகத்தால் தடவிப் பாருங்கள். குழி இருந்தால் தகட்டை விட்டுவிட்டு, வால்வுக்கு மேலே ராக்கரில் டயல் கேஜ் ஊசியை வைத்து, ராக்கரை மேலும் கீழும் ஆட்டி அளக்கலாம். டயல் கேஜ் இல்லையா, திருகின் புரியை வைத்துக் கணக்குப் போடலாம். புரி இடைவெளி 1 மி.மீ. உள்ள திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ராக்கரின் இரு கைகளும் சம நீளம் என்றால், இடைவெளி பூஜ்யமாகும் வரை விரலால் திருகி, அங்கிருந்து ஐந்தில் ஒரு சுற்று தளர்த்தினால் 0.20 மி.மீ. கைகள் சம நீளம் இல்லாவிட்டால் அந்த விகிதத்தால் பெருக்க வேண்டும். இதெல்லாம் தற்காலிக வழி. ராக்கரை மாற்றுவதோ முனையைச் சாணை பிடித்துச் சீராக்குவதோதான் நிரந்தரம். சாணை பிடித்தால் மேலே உள்ள கெட்டியான தோல் போய்விடுமா என்பது எவ்வளவு ஆழம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆழமான குழி என்றால் மாற்றிவிடச் சொல்வேன்.

எட்டுக் கட்டமும் நிரம்பிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். லாக் நட்டை ரிங் ஸ்பேனரால் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவரால் திருகைச் சரிசெய்து, ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கவும். இறுக்கும்போது திருகும் சற்றே கூடத் திரும்பும், இது எல்லோர் கையிலும் நடப்பது. ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்காத வால்வை முடிந்ததாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லாம் ஆனதும் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி இன்னொரு தடவை அளந்தால் புஷ் ராட் சரியாக உட்காராதது போன்ற கோளாறும் வெளியே வந்துவிடும். டீகம்ப்ரஷன் லீவருக்குத் தனி இடைவெளி உள்ள எஞ்சினில் அதையும் கடைசியில் பார்த்துவிடுங்கள்.

அந்தத் தாள் என்ன சொல்கிறது என்பதை இப்போது பார்க்கலாம். எல்லா வால்வும் ஏறத்தாழ ஒரே அளவு தளர்ந்திருந்தால், 0.30 வேண்டிய இடத்தில் 0.35, 0.40 என்று இருந்தால், அது வயதின் தேய்மானம். சரிசெய்துவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். உங்கள் எஞ்சினும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இது நீங்கள் எழுதியதை வைத்துச் செய்யும் ஊகம், தாளைப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு வால்வ் மட்டும் எக்கச்சக்கமாகத் தளர்ந்திருந்தால் திருகி மறைக்காதீர்கள். லாக் நட் தளர்ந்திருக்கலாம், புஷ் ராட் வளைந்திருக்கலாம், கேம் முனையே தேய்ந்திருக்கலாம். புஷ் ராடை உருவிக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். கேம் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க, இடைவெளியைச் சரிசெய்த பிறகு ஒவ்வொரு வால்வும் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அளந்து, இன்லெட்டை இன்லெட்டோடும் எக்ஸாஸ்ட்டை எக்ஸாஸ்ட்டோடும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இறங்கினால் அந்தக் கேம் போய்விட்டது, டேப்பட்டில் என்ன செய்தாலும் தீராது. தளர்ந்தது எக்ஸாஸ்ட் வால்வாக இருந்து, அதன் ஸ்பிரிங்கிலோ தண்டிலோ துரு தெரிந்தால், எக்ஸாஸ்ட் எல்போ வழியாகக் கடல்நீர் பின்னோக்கி வந்து, வால்வ் கைடில் ஒட்டிக்கொண்டு திறந்தபடி நிற்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். படகுக்கே உரிய நோய் இது. நீண்ட நாள் நிறுத்திவைத்த எஞ்சின்களில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இறுக்கமான வால்வுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. இடைவெளியே இல்லாமல் ஒன்று அகப்பட்டால், முதலில் தப்பான நேரத்தில் அளக்கிறோமா என்று இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால், வால்வ் சீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது அல்லது தண்டு நீண்டுவிட்டது. ராக்கரும் கேமும் தேய்ந்தால் இடைவெளி கூடும், சீட் தேய்ந்தால் குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு, தேய்ந்துபோன எஞ்சினில் அளவு மட்டும் சரியாக நிற்பதும் உண்டு. அதனால்தான் ஒரு தடவை எடுத்த அளவைவிட, வருடாவருடம் எழுதிவைத்த அளவுக்கு மதிப்பு அதிகம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு ஒரு மூன்று சிலிண்டர் டீசலைப் பராமரித்துவந்தேன். ஒரு சீசனில் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட்டில் 0.20 இருக்க வேண்டிய இடத்தில் 0.15 தகடு போகவில்லை. 0.20 வைத்தேன், கவரை மூடினேன். அடுத்த சீசனில் அதே வால்வில் 0.10-ம் போகவில்லை. மறுபடி வைத்தேன், மறுபடி மூடினேன். முதல் வருடத்து அளவை எழுதிவைக்காததால், அதே வால்வ் இரண்டாவது தடவையாக இறங்கியிருக்கிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது சீசனின் நடுவில், ஒரு குளிர்ந்த காலை, எஞ்சின் பிடிக்கவில்லை. பிடித்தபோது வெள்ளைப் புகையோடு இரண்டு சிலிண்டரில் தள்ளாடியது. ஹெட்டைக் கழற்றினோம். வால்வின் விளிம்பில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம், கடித்த பிஸ்கட் போல. அதற்கு நேரே சீட்டிலும் ஒரு கருப்புக் கோடு. இரண்டாவது சீசனிலேயே ஹெட்டை இறக்கியிருந்தால் வால்வையும் சீட்டையும் தேய்த்தெடுப்பதோடு போயிருக்கும். இந்த மூன்று வருடமும் அந்த வால்விலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

இறுக்கமாக இருந்த வால்வை எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை உடனே சோதித்துவிடுங்கள். கேஜ் இல்லாவிட்டாலும் கையால் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு எதிர்க்கிறது என்று ஒப்பிடலாம். எதிர்ப்பு குறைந்த சிலிண்டரில் நிறுத்திக் காது கொடுத்தால் உஸ் என்ற சத்தம் எங்கே போகிறது என்று தெரியும். காற்று வடிகட்டிப் பக்கம் கேட்டால் இன்லெட், எக்ஸாஸ்ட் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். எதிர்ப்பு சமமாக இருந்தால் ஐம்பது மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கவும். மறுபடி இறங்கியிருந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. உங்களுடையது பெட்ரோல் எஞ்சினாக இருந்து, செவர்லே வி8 போல ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்வது) உள்ளதாக இருந்தால் மேலே சொன்ன இடைவெளி அளவே பொருந்தாது. அங்கே இடைவெளி பூஜ்யமாகி, அதற்கு மேல் முக்காலிலிருந்து ஒரு சுற்று உள்ளே திருகுவார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பழைய பெட்ரோல் எஞ்சின் என்றால் சீட் இறங்கும் ஆபத்து இன்னும் அதிகம், அடிக்கடி அளக்க வேண்டும். ஈயம்தான் அந்த மென்மையான சீட்டுகளைக் காத்துவந்தது, படகு எஞ்சினோ கார் போல் அல்லாமல் மணிக்கணக்கில் ஒரே சுமையில் ஓடுவது.

கவரை மூடும்போது புதுக் கேஸ்கட் போட்டு, நட்டுகளை அளவாக இறுக்குங்கள். தகரக் கவர் என்றால் அதிகம் இறுக்கினால் வளைந்து, ஒழுகாத எஞ்சின் ஒழுகத் தொடங்கும். மூடுவதற்கு முன் உள்ளே வைத்த துணிகளையும் கருவிகளையும் எண்ணி எடுங்கள்.

கடைசியாக, ஸ்டார்ட் செய்வது. இதில் அவசரப்பட்டு நல்ல எஞ்சினை இழந்தவர்கள் உண்டு. தண்ணீர் கலந்த எக்ஸாஸ்ட் உள்ள படகில், ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் கடல்நீர் பம்ப்பும் வேலை செய்யும், ஆனால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும் புகை வராது. எஞ்சின் பிடிக்காமல் விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தால் சைலன்சர் நிரம்பி, தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வ் வழியே சிலிண்டருக்குள் ஏறும். தண்ணீர் அமுங்காது, அடுத்த சுற்றில் கனெக்டிங் ராட் வளையும். ஆகவே இரண்டு மூன்று முயற்சியில் பிடிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு, சைலன்சரை வடித்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். மூடிய வால்வை எஞ்சின் பிடித்த நொடியில் திறக்க மறக்காமல் இருக்க, சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே தொங்கவிடும் பழக்கம் எனக்கு உண்டு.

மாடல் எண்ணையும், திருகுவதற்கு முன் எடுத்த எட்டு அளவுகளையும், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஆறியிருந்தது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்தால் ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.